11 துண்டு ரார், நாலு விதமான பழுது

22 ஜிபி திருமண வீடியோ. ஸ்டூடியோவில் ரார் (பைல்களை ஒன்றாகக் கட்டி வைக்கும் வடிவம்) துண்டுகளாக உடைத்து, ஒரு கோப்புப் பகிர்வு தளத்தில் ஏற்றி, ஏழு நாள் ஆயுளுள்ள லிங்க் அனுப்பியிருந்தார்கள். மொத்தம் 11 துண்டுகள். இறக்கி முடித்து விரித்தால் "செக்சம் எர்ரர்", அதாவது சரிபார்ப்பு எண் பொருந்தவில்லை. ஐந்து நாள் மல்லுக்கட்டிய பிறகு 14 வீடியோவும் முழுசாக வந்தன. ஒரே பழுது என்று நினைத்தது நாலு பழுதாக இருந்தது. அதில் ஒன்று இணையத்தோடு சம்பந்தமே இல்லாதது.

கட்டளைகளை இங்கே தமிழ் எழுத்தில் எழுதியிருக்கிறேன். தட்டும்போது எல்லாம் ஆங்கிலச் சின்ன எழுத்து. பெரிய எழுத்து வேண்டிய இடத்தில் மட்டும் சொல்கிறேன். வேலை நடந்தது 8 ஜிபி ராம் உள்ள பழைய லேப்டாப்பில், லினக்ஸ் மின்ட். விண்டோஸில் செய்பவர்களுக்கு ஹெச்எக்ஸ்டி என்ற இலவச ஹெக்ஸ் எடிட்டரும் (பைலை பைட் பைட்டாகக் காட்டுவது) வின்ராரும் போதும்.

முதலில் அளவு

அனுப்பியவர் ஹேஷ் (பைலின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் கைரேகை போன்ற எண்) எதுவும் தரவில்லை. பெரும்பாலும் தரமாட்டார்கள். ஆனால் துண்டு ரார் என்றால் ஹேஷ் இல்லாமலே ஒரு சோதனை உண்டு: கடைசித் துண்டைத் தவிர மற்ற எல்லாம் பைட் சுத்தமாக ஒரே அளவில் இருக்க வேண்டும். வின்ராரில் 2000 எம்பி என்று கொடுத்து உடைத்தால் ஒவ்வொன்றும் 2,097,152,000 பைட். பைல் மேனேஜர் காட்டும் "2.1 ஜிபி"யை நம்பக்கூடாது, அதில் சில எம்பி குறைந்தாலும் தெரியாது. எல்எஸ் -எல் போட்டு முழு எண்ணைப் பார்க்க வேண்டும். விண்டோஸில் ப்ராப்பர்ட்டீஸ் சன்னலில் அடைப்புக்குள் இருக்கும் எண்.

பார்த்ததில் 4-ஆவது துண்டு 1,411,404,977 பைட். 6-ஆவது வெறும் 38 கேபி. மற்றவை அளவில் சரி. 3-ஆவதின் பெயரில் மட்டும் பிரவுசர் தானாக "(1)" சேர்த்திருந்தது. முன்பு பாதியில் நின்ற அதே பெயர்ப் பைல் அந்த ஃபோல்டரில் கிடந்ததுதான் காரணம். பெயரில் ஓர் எழுத்து மாறினாலும் ராருக்கு அடுத்த துண்டு கண்ணுக்குத் தெரியாது. பாதிப் பைலை அழித்து, பெயரைத் திருத்தியதோடு அது முடிந்தது. இதைப் பழுதுக் கணக்கில் சேர்க்கவில்லை.

இந்த வேலையை முதல் நாளே செய்திருக்க வேண்டும். செய்யாமல் வின்ராரின் "ரிப்பேர்" பொத்தானை அமுக்கியதில் 40 நிமிடம் போனது. அந்தப் பொத்தான் உருப்படியாக ஏதாவது செய்ய வேண்டுமென்றால், பேக் செய்தவர் முன்கூட்டியே ரெக்கவரி ரெக்கார்ட் (பழுதைச் சரிசெய்ய உதவும் கூடுதல் டேட்டா) சேர்த்திருக்க வேண்டும். இருந்தால் "ஃபிக்ஸ்ட்" என்று தொடங்கும் பெயரில் சரிசெய்த பைல் வரும். இங்கே வந்தது "ரீபில்ட்" என்று தொடங்கும் பெயர். உள்ளிருக்கும் பட்டியலை மட்டும் ஒட்டுப்போட்டுத் தந்திருக்கிறது என்று அர்த்தம். போன டேட்டா போனதுதான்.

6-ஆவது துண்டு: ராரே இல்லை

38 கேபி பைலை டெக்ஸ்ட் எடிட்டரில் திறந்தால் வலைப்பக்கம். லிங்க் காலாவதி என்ற அறிவிப்பு, அதைச் சுற்றி விளம்பரம். தளம் பைலுக்குப் பதில் பக்கத்தை அனுப்பியிருக்கிறது. டவுன்லோட் மேனேஜர் அதை ரார் என்ற பெயரில் சேமித்துவிட்டது. எந்தப் பைலிலும் முதல் எட்டு பைட்டைப் பார்த்தாலே இது தெரியும். ரார் 5 வடிவம் என்றால் ஹெக்ஸில் 52 61 72 21 என்று ஆரம்பிக்கும். ஜிப் என்றால் 50 4பி. வலைப்பக்கம் 3சி-யில் ஆரம்பிக்கும், அதாவது கோணக் குறி. புது லிங்க் எடுத்து மறுபடி இறக்கியது. 35 நிமிடம். இலவசக் கணக்குக்குத் தளம் வினாடிக்கு ஒரு எம்பிதான் விட்டது.

4-ஆவது துண்டு: வாலில் ஒட்டிய பக்கம்

685 எம்பி குறைகிறது, நடுவில் அறுந்துவிட்டது, ரெஸ்யூம் கொடுத்தால் போதும் என்று தோன்றும். அதுதான் தவறு. ரெஸ்யூம் ஏற்கெனவே ஒருமுறை நடந்திருந்தது. மேனேஜரின் லாகில் முதல் முறை நின்ற இடம் 1,411,386,112. இப்போதைய அளவு அதைவிட 18,865 பைட் அதிகம். பைலின் கடைசி 200 பைட்டைக் காட்டச் சொன்னால் (டெயில் -சி 200) வலைப்பக்கத்தின் முடிவுக் குறி நிற்கிறது. வீடு திரும்பி ஹாட்ஸ்பாட்டிலிருந்து பிராட்பேண்டுக்கு மாறியதும் ஐபி முகவரி மாறியிருக்கிறது. நேரடி லிங்க் பழைய ஐபிக்கு மட்டும் செல்லுபடியாகும். தளம் பிழைப் பக்கத்தைத் தந்தது, மேனேஜர் அதைக் கொண்டுபோய் ராரின் வாலில் ஒட்டிவிட்டு "முடிந்தது" என்று பச்சை காட்டியது. இந்த நிலையில் மறுபடி ரெஸ்யூம் கொடுத்தால் வலைப்பக்கத்துக்குப் பின்னால் மீதி ரார் சேரும். அளவு சரியாக இருக்கும், உள்ளே குப்பை இருக்கும்.

சரிசெய்த விதம்: வாலை வெட்டுவது. நின்ற இடத்திலேயே வெட்டாமல் அதற்கு ஒரு எம்பி முன்பாகவே வெட்டுவது நல்லது, அறுந்த நேரத்துக் கடைசிப் பகுதியை நம்ப முடியாது. ட்ரன்கேட் -எஸ் 1410334720 என்று கொடுத்து, பிறகு புது லிங்க்குடன் கர்ல் (கட்டளை வழியே இறக்கும் கருவி). கொடிகள், அதாவது கட்டளையோடு சேர்க்கும் குறிகள்: -எஃப், பெரிய எல், பெரிய சி-யும் ஒரு கோடும். பெரிய சி-யும் கோடும் சேர்ந்தால், இருக்கும் அளவைப் பார்த்து அங்கிருந்து தொடரும். -எஃப் முக்கியம், அது இருந்தால் தளம் 403 போன்ற பிழை தரும்போது அந்தப் பக்கத்தைச் சேமிக்காமல் கர்ல் நின்றுவிடும். தளம் பாதியிலிருந்து தரமாட்டேன் என்று முழுப் பதிலை அனுப்பினாலும் 33 என்ற பிழை எண்ணோடு நிற்குமே தவிர ஒட்டாது.

தொடங்கும் முன் ஒரு பைட் மட்டும் கேட்டுப் பார்த்துக்கொள்ளலாம்: -ஆர் 0-0, கூடவே ஹெட்டரைக் காட்ட பெரிய டி-யும் கோடும். பதிலில் 206 என்றும், கன்டென்ட்-ரேஞ்ச் வரியில் சாய்கோட்டுக்குப் பின் 2097152000 என்றும் வந்தால் லிங்க் உயிரோடு இருக்கிறது, ரெஸ்யூம் நடக்கும், உண்மையான அளவும் கையில் வந்துவிட்டது. 200 வந்தால் ரெஸ்யூமை மறந்துவிடலாம்.

9-ஆவது துண்டு: நடுவில் ஓட்டை

இதில்தான் இரண்டு நாள். அளவு சரி, தலை சரி, வால் சரி. ஆனாலும் அன்ரார் சோதனையில் இந்தத் துண்டின் பெயரைச் சொல்லி செக்சம் பிழை. துண்டு வாரியாகச் சோதனை எண் ராருக்குள்ளேயே இருப்பதால் எந்தத் துண்டு என்பதில் சந்தேகமில்லை.

"நெட் சரியில்லை, மறுபடி இறக்கு" என்பதுதான் எல்லோரும் சொல்வது. இங்கே ஒரு விஷயத்தைப் பிரித்துப் பார்க்க வேண்டும். ஹெச்டிடிபிஎஸ் வழியாக வரும் டேட்டாவில் வழியில் ஒரு பிட் மாறினாலும் இணைப்பே முறிந்துவிடும். மாறிய பைட் பைலுக்குள் வராது. மோசமான நெட் பைலை அறுக்கும். நடுவில் மாற்றி எழுதாது. வாலில் பழுது என்றால் நெட்டையும் லிங்க்கையும் பார்க்கலாம். நடுவில் பழுது என்றால் தளத்தில் இருக்கும் பைலையோ, டவுன்லோட் மேனேஜரையோ, சொந்தக் கம்ப்யூட்டரையோதான் பார்க்க வேண்டும்.

ஆனாலும் மறுபடி இறக்கியது, அதே மேனேஜரில், வேறு பெயரில். பழையதை அழிக்காதது பிறகு பெரிய உதவியாக அமைந்தது. இரண்டாவது பிரதியிலும் பிழை. தளத்தில் இருப்பதே கெட்டுப்போன பைல் என்று முடிவுகட்டி ஸ்டூடியோவுக்குச் சொல்லும் முன் இரண்டையும் ஒப்பிட்டது: சிஎம்பி -எல். தளத்தில் இருப்பதே கெட்டிருந்தால் இரண்டு பிரதியும் ஒரே மாதிரி கெட்டிருக்க வேண்டும். இல்லை. 3 கோடியே 86 லட்சம் பைட் வேறுபட்டன.

எங்கே என்று பார்க்க ஹெக்ஸ்டம்ப், பெரிய சி கொடியுடன். அது ஒரே மாதிரி வரிகள் தொடர்ந்து வந்தால் ஒரு நட்சத்திரக் குறி போட்டு மடித்துவிடும். வீடியோ டேட்டாவில் நீளமாகப் பூஜ்யம் வராது, அதனால் நட்சத்திரம் விழுந்த இடமே ஓட்டை. 2 ஜிபிக்குச் சில நிமிடம் எடுக்கும். முதல் பிரதியில் 1,543,503,872-இலிருந்து 1,572,863,999 வரை பூஜ்யம். இரண்டாவதில் 776,994,816-இலிருந்து 786,431,999 வரை.

இந்த எண்களை 1,048,576-ஆல் வகுத்தால் கதை தெரியும். முதலாவது 1472-ஆவது எம்பியிலிருந்து 1500 வரை, இரண்டாவது 741-இலிருந்து 750 வரை. மேனேஜர் 8 இணைப்பு போட்டு இறக்கியது. 2000 எம்பியை எட்டாகப் பங்கிட்டால் ஆளுக்கு 250. 750-உம் 1500-உம் பங்கின் எல்லைகள். ஆக ஒவ்வொரு முறையும் ஏதோ ஓர் இணைப்பு தன் பங்கின் கடைசியை முடிக்காமல் போயிருக்கிறது. இலவசக் கணக்குக்கு இத்தனை இணைப்பு கூடாது என்று தளம் நடுவில் துண்டித்திருக்க வேண்டும். மேனேஜர் அதை முடிந்ததாக எடுத்துக்கொண்டது. முழு அளவையும் டிஸ்கில் முதலிலேயே ஒதுக்கிவிடுவதால் அளவில் குறை தெரியாது. எழுதப்படாத இடம் பூஜ்யமாகவே நிற்கும்.

இரண்டு ஓட்டையும் வெவ்வேறு இடத்தில் இருப்பதால் மூன்றாவது முறை இறக்க வேண்டியதில்லை. ஒன்றிலிருந்து வெட்டி மற்றொன்றில் ஒட்டினால் போதும். முதல் பிரதியை நகலெடுத்து வைத்துக்கொண்டு, டிடி கட்டளை (பைலின் ஒரு பகுதியை இன்னொன்றில் குறித்த இடத்தில் எழுதுவது): உள்ளீடு இரண்டாவது பிரதி, வெளியீடு முதல் பிரதி, பிஎஸ்=1 எம் (எம் பெரிய எழுத்து), ஸ்கிப்=1472, சீக்=1472, கவுண்ட்=28, கான்வ்=நோட்ரங்க். கடைசிச் சொல்லை மறந்தால் 1500 எம்பிக்குப் பின் இருப்பதெல்லாம் போய்விடும், அதற்குத்தான் நகல். ஒரு பிரதிதான் இருக்கிறது என்றால் ஓட்டையை மட்டும் தளத்திடம் கேட்கலாம்: கர்ல் -ஆர் 1543503872-1572863999. 28 எம்பி இறக்கி அதே இடத்தில் டிடியால் பதிக்க வேண்டியதுதான், அப்போது ஸ்கிப் வேண்டாம்.

இந்த மிச்சம் சின்னதல்ல. தினம் 2 ஜிபி பிளானில் ஒரு துண்டு ஒரு நாள் கோட்டாவைத் தின்றுவிடும். கோட்டா முடிந்து 64 கேபிபிஎஸ்ஸுக்கு இறங்கினால் அதே துண்டுக்கு மூன்று நாள் ஆகும்.

ஒட்டிய பிறகும் செக்சம் பிழை.

ராம்

இங்கே ஒரு துப்பு முன்பே கிடைத்து, கவனிக்காமல் விட்டது. சிஎம்பி பட்டியலில் இரண்டு பெரிய ஓட்டைகளைத் தவிர, அவற்றுக்கு வெளியே மூன்று தனி வரிகள் இருந்தன:

412906331 105 145
1688120457 62 22
1903377210 311 351

கோடிக்கணக்கான வரிகளில் மூன்று வரி என்று தள்ளிவிட்டது. சிஎம்பி பைட் மதிப்புகளை எட்டடிமான எண்ணில் (0 முதல் 7 வரையிலான இலக்கங்கள் மட்டும்) காட்டும். மூன்றிலும் வித்தியாசம் ஒன்றே: 40. அதாவது ஒவ்வொரு பைட்டிலும் அதே ஒரு பிட் புரண்டிருக்கிறது. எந்த டவுன்லோட் பழுதும் இப்படி இருக்காது.

முழுத் தொகுப்பையும் இரண்டு முறை விரித்துப் பார்த்ததும் உறுதியானது. முதல் முறை மூன்றாவது வீடியோவில் பிழை, அடுத்த முறை எட்டாவதில். பைல் கெட்டிருந்தால் ஒரே இடத்தில்தான் திட்டும். இடம் மாறி மாறித் திட்டினால் படிக்கும் கருவியில்தான் கோளாறு.

11 துண்டுக்கும் ஷா256சம் என்ற கட்டளையால் ஹேஷ் எடுத்து ஒரு பட்டியல், மறுபடி ஒரு பட்டியல். 2-உம் 8-உம் மாறின. மூன்றாவது ஓட்டத்தில் 5 மட்டும். ஒரே ஒரு பைலை இரண்டு முறை சோதித்தால் இது பிடிபடாமல் போகலாம்: இரண்டாவது முறை லினக்ஸ் டிஸ்கைத் தொடாமல் ராமில் இருக்கும் நகலையே படிக்கும், அதே தவறான ஹேஷ் திரும்ப வந்து "சரி" என்று ஏமாற்றும். 8 ஜிபி ராமில் 22 ஜிபியை வரிசையாகப் படித்ததால் நகல் நிலைக்க இடமில்லை. சின்னப் பைல் என்றால் நடுவில் ரீபூட் செய்வது எளிது.

ராமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86+ புரோகிராமைப் பென்டிரைவில் போட்டு பூட் செய்தது. இரண்டாவது சுற்றில் சிவப்பு வரிகள், பிழை பிட் 00000020. ஹெக்ஸில் 20 என்பது எட்டடிமானத்தில் 40. இரண்டு 4 ஜிபி ஸ்டிக். கடைக்காரர்கள் முதலில் செய்வதுபோல் பென்சில் ரப்பரால் தங்கக் காலைத் தேய்த்து மாட்டியது, பலனில்லை. பிறகு ஒவ்வொன்றாக, ஒரே ஸ்லாட்டில். ஒன்று நாலு சுற்று சுத்தமாக ஓடியது, மற்றொன்று அதே ஸ்லாட்டில் பிழை தந்தது. ஆக ஸ்லாட் அல்ல, ஸ்டிக். கழற்றிவிட்டு 4 ஜிபியோடு வேலையைத் தொடர்ந்தது. மாற்று ஸ்டிக் பழைய சரக்கில் 650 ரூபாய்.

இன்னொன்று இருக்கிறது. கெட்ட ராமோடு செய்த டிடி ஒட்டு வேலையையும் நம்ப முடியாது. எனவே நல்ல ராமில் அந்தப் பகுதியை மறுபடி ஒட்டி, இரண்டு பிரதிகளையும் மறுபடி ஒப்பிட்டது. இரண்டாவது பிரதியின் ஓட்டை தவிர, மூன்று தனி வரிகளில் இரண்டு மறைந்துவிட்டன. அவை படிக்கும்போது மட்டும் புரண்டவை. 412906331 மட்டும் நின்றது. அது இறக்கும்போதே புரண்டு டிஸ்கில் எழுதப்பட்டது. 145-ஆ, 105-ஆ? தளத்திடமே கேட்கலாம்: -ஆர் 412906330-412906330. சிஎம்பி 1-இலிருந்து எண்ணும், கர்ல் 0-இலிருந்து, அதனால் ஒன்று குறைவு. 2 ஜிபி பைலுக்காக இறக்கியது ஒரே பைட். வந்தது 145. முதல் பிரதியில் 105 இருந்தது. அந்த ஒரு பைட் பைலை டிடியால், பிஎஸ்=1, சீக்=412906330, நோட்ரங்க் கொடுத்துப் பதித்தது.

அன்ரார் டி. 11 துண்டும் சரி. "ஆல் ஓகே."

விரிக்கும்போது கடைசியாக ஒரு சிறு தடங்கல்: பென்டிரைவில் விரித்தால் ஒரு வீடியோ மட்டும் 4 ஜிபியோடு நின்றது. எஃப்ஏடி32-இல் ஒரு பைல் 4,294,967,295 பைட்டைத் தாண்டாது. எக்ஸ்எஃப்ஏடியாக மாற்றியதும் போனது.

கணக்கும் அடுத்த முறையும்

செலவு 650 ரூபாய், சுமார் 5 ஜிபி கூடுதல் டேட்டா, ஐந்து மாலை. அளவு, தலை, வால், இரண்டு முறை ஹேஷ் என்ற வரிசையில் போயிருந்தால் ஒன்றரை மாலை போதும். ராம் சோதனையைக் கடைசியில் வைத்ததுதான் பெரிய தவறு; ஹேஷை இரண்டு தரம் எடுக்க அரை மணி கூட ஆகாது, அதை முதல் நாளே செய்திருக்கலாம்.

இறக்க இனி அரியா2 என்ற கருவி, -எக்ஸ் 2 (இரண்டு இணைப்பு), அதற்கு மேல் இல்லை. அது பாதியில் நின்றால் பக்கத்தில் ஒரு .அரியா2 பைலை விட்டுவைக்கும்; அந்தப் பைல் இருக்கும் வரை வேலை முடியவில்லை என்று தெரியும். எட்டு இணைப்பால் கிடைத்த வேகம் எதுவுமில்லை, தளத்தின் வரம்பு கணக்குக்கே பொதுவானது.

அனுப்புபவரிடம் கேட்க வேண்டியவை மூன்று. வின்ராரில் "அட் ரெக்கவரி ரெக்கார்ட்" டிக் செய்து 3 சதவீதம். 2000 எம்பி துண்டுக்கு 60 எம்பி இடம் போகும், 28 எம்பி ஓட்டையை அதுவே அடைத்திருக்கும். சுருக்கும் முறையில் "ஸ்டோர்". வீடியோ சுருங்காது, சாலிட் ஆர்கைவில் (எல்லாப் பைலையும் ஒரே தொடராகச் சுருக்குவது) ஒரு பைட் கெட்டால் அதற்குப் பின்னால் உள்ளதும் போகும். ஸ்டோரில் "கீப் புரோக்கன் ஃபைல்ஸ்" டிக் செய்து விரித்தால் அந்தச் சில பிரேம்களோடு நஷ்டம் நிற்கும். மூன்றாவது, ஏற்றும் முன்பே ஹேஷ் எடுத்த ஒரு டெக்ஸ்ட் பைல்: விண்டோஸில் செர்ட்யூட்டில் -ஹேஷ்ஃபைல், பைல் பெயர், ஷா256. 11 வரி, ஒரு வாட்ஸ்அப் மெசேஜில் அடங்கும்.

பழுதான ஸ்டிக்கில் மார்க்கர் பேனாவால் "20" என்று எழுதி டிராயரில் போட்டிருக்கிறது, தெரியாமல் இன்னொரு லேப்டாப்பில் மாட்டிவிடக் கூடாது என்று.